ஆற்றுக்கு அப்பால் மூன்று அறை

நவம்பர் 11. காலையிலிருந்து தூறல்.

இல்லை, அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "காணோம் புள்ள" என்றான். அவ்வளவுதான். விளையாட்டின் திரையில் 'புதிய ஆட்டம்' மட்டும். 'தொடர்க' இல்லை.

அம்பிட்டிய வளைவில் ஆட்டோ கவிழ்ந்ததிலிருந்து அவனுக்குக் கட்டில்தான். கட்டிலில் இந்த விளையாட்டு. பெரிய திறந்த உலகம், எங்கும் போகலாம். குதிரையில் மலை ஏறுவான். ஆற்றுக்கு அப்பால் ஒரு வீடு கட்டியிருந்தான். மூன்று அறை. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"உன் அறைக்கு ஜன்னல் ரெண்டு. அதனால வாடகை கூட."

விளையாட்டு வெளிவந்த அன்றே உலகமெல்லாம் திட்டியது. குதிரை பாறைக்குள் மாட்டுகிறது, ஆட்கள் காற்றில் நடக்கிறார்கள். அண்ணனுக்குக் கவலையில்லை. "நீங்க செக் பண்ணதுதானே. சரியாயிரும்." நான் வேலை செய்யும் இடத்தில் பரிசோதித்த விளையாட்டு. அதில் அவனுக்குப் பெருமை.

நேற்று அந்தப் பிழைகளைச் சரிசெய்யும் திருத்தம் வந்தது. "போடவா?" என்று கேட்டான். போடு என்றேன். போட்டதும் அவன் சேமித்து வைத்திருந்த ஆட்டமெல்லாம் அழிந்துவிட்டது.

நவம்பர் 12. வெயில், அபூர்வமாக.

வாங்க: பாண், பருப்பு, அண்ணனின் வலி மாத்திரை.

ஒபிசில் ஃபாரிஸ் நானாவிடம் சொன்னேன். எங்கள் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு.

"எவ்வளவு நாள் வெளயாடின சேவ்?"

"ரெண்டு மாசம், நானா. வெளிவந்த நாள்லருந்து."

கதிரையைப் பின்னால் தள்ளினார். "அப்பிடி ஒண்ட வச்சு நாங்க பாக்கவே இல்லயே."

உண்மை. தினமும் காலையில் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம். பரிசோதனை சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் முறை. அந்த ஆற்றங்கரையில் நூறு தடவை செத்திருக்கிறேன். ஒரு நாளுக்கு மேல் அங்கே வாழ்ந்ததில்லை. எங்களில் யாரும் வாழவில்லை. நீண்ட நாள் வாழ்ந்தவர்களுடையதைத்தான் திருத்தம் அழித்திருக்கிறது.

நிறையப் பேருக்கு. இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "இனிமேல் வந்த உடனே எதையும் வாங்கமாட்டேன்." கீழே நிறுவனத்தின் பதில்: உங்கள் பொறுமைக்கு நன்றி.

மீட்க வழி இல்லையாம்.

"அண்ணன்கிட்ட என்ன சொல்ல?"

"உள்ளத சொல்லுங்க தங்கச்சி. வேற என்ன சொல்ற."

நவம்பர் 14. மழை. ஹந்தானைப் பக்கம் மலையே தெரியவில்லை.

நேற்று இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. இன்று தேத்தண்ணி கொடுக்கும்போது சொன்னேன். திரும்பக் கிடைக்காது என்று. தலையாட்டினான். கோப்பையின் விளிம்பைத் துடைத்தான்.

இன்று பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். கால் பயிற்சி. போன கிழமை கம்பியைப் பிடித்து நின்றான். பயிற்சியை விட்டால் கால் இறுகிவிடும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"நான் வரல."

அம்மா கெஞ்சினாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். அண்ணனின் கூட்டாளி. "டேய், மாப்பிள்ளைக்கு மேளம் கொண்டு வரணுமா?" என்று கத்தினார். அதற்கு அண்ணன் எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பான். இன்று போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வா அண்ணே. கால் சரியாயிரும்."

என்னைப் பார்த்தான். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்.

"அதயும் நீங்கதான் செக் பண்ணீங்களா?"

ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது.

நவம்பர் 15. தூறல், பிறகு பனிமூட்டம்.

அம்மா தூங்கவில்லை போலிருக்கிறது. கண் வீங்கியிருந்தது. விளையாட்டுக் கொன்ட்ரோலர் அலுமாரிக்கு மேல். யார் எடுத்து வைத்ததென்று கேட்கவில்லை. புறப்படும்போது "போயிட்டு வாறேன் அண்ணே" என்றேன். சுவரைப் பார்த்தபடி "ம்" என்றான்.

ஒபிசில் வழக்கம்போல எல்லாரும் நேற்றையதை அழித்தார்கள். நான் அழிக்கவில்லை. ஃபாரிஸ் நானா என் திரையைப் பார்த்தார், தன் கதிரைக்குத் திரும்பிப் போனார்.

நேற்று விட்ட இடத்திலேயே நின்றேன். ஆற்றைக் கடந்து, மூன்று அறை வீடு ஒன்றுக்கு மரம் வெட்டத் தொடங்கினேன்.