நம் நோட்டில் இல்லாத எண்

முதலில் மன்னித்துக்கொள். நீளமாக எழுதினால் உனக்குப் பிடிக்காது. நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளையே பாதிவரை படித்துவிட்டு, "விஷயத்துக்கு வாடி" என்று பதில் போடுவாய். இதை நீ படிக்கப்போவதில்லை என்ற துணிச்சலில்தான் இவ்வளவு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து உன் லேப்டாப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தார். சார்ஜரைச் செருகி, மூடியைத் திறந்தேன். விசிறி சுற்றத் தொடங்கியதும் ஓரத்திலிருந்து அந்த வாசனை வந்தது. சூடேறிய தூசியும் துணிச் சாயமும் கலந்த வாசனை. அலுவலகத்தில் தினம் எத்தனையோ கணினிகளின் முன்னால் உட்கார்கிறேன், ஒன்றிலும் அது வந்ததில்லை.

"இதுல அவ ஸ்கூல் படிக்கையில எடுத்த போட்டோ எல்லாம் இருக்கும்ல? தீவாளிக்கு எடுத்தது, அழகர் ஆத்துல எறங்கயில எடுத்தது. எனக்குத் தொறக்கத் தெரியல. பாத்து எடுத்துக் குடும்மா" என்றார் அம்மா.

அவை இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்பதும் தெரியும். உனக்குத் தெரிந்தது அதில் பாதிதான். மீதியை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

நாம் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது அந்த லேப்டாப்தான் நம் இருவருக்கும். பள்ளியில் எனக்குக் கொடுத்த லேப்டாப்பில் முதல் வருடமே திரை போய்விட்டது. சனிக்கிழமைதோறும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வருவேன். நீயும் அம்மாவும் உங்கள் வீட்டு மொழியில் சண்டை போடுவீர்கள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது. குரலை வைத்து யார் ஜெயிக்கிறார்கள் என்று மட்டும் கணித்துக்கொள்வேன். பெரும்பாலும் நீதான்.

முதல் தடவை வந்த அன்று மதியம் வரைக்கும் தண்ணீர் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன், நினைவிருக்கிறதா? என் அம்மா எங்கள் ஊர் எழுமலையில் களையெடுக்கப் போகும் நிலக்காரர்கள் வீடுகளில், கேட்டால்தான் பேச வேண்டும், கொடுத்தால்தான் வாங்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார். "அடுத்தவங்க வீட்டுல நம்ம வாய் நம்மகிட்ட இருக்கணும்" என்பார். நீ செம்பை என் கையில் திணித்து, "ஏ எழுமலை, குடிக்கிற தண்ணிக்குமா வாய் தொறக்க மாட்ட?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாய். அன்றிலிருந்து எனக்கு உங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

சாயம் கொட்டியது அந்த வருடம்தான். முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைக்கு அம்மா கரைத்து வைத்திருந்த ஊதாச் சாயம் கால் தட்டிக் கவிழ்ந்து, தரையில் கிடந்த லேப்டாப்பின் ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. மூன்று நாள் வெயிலில் காயவைத்து நீ அதை எழுப்பிவிட்டாய். ஆனால் பென்டிரைவ் செருகும் இடங்கள் ஒன்றும் பிழைக்கவில்லை. அதில் சிடி போடும் வசதியும் கிடையாது. பழைய விண்டோஸோ நொண்டிக்கொண்டிருந்தது. "ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்துரலாம்டி" என்பாய். பழுது பார்க்கும் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பென்டிரைவே எடுக்காதுன்னா இதுல புதுசா எதையும் ஏத்த முடியாதும்மா. எடைக்குப் போட்டுருங்க" என்றார். நமக்கு புராஜெக்ட் முடிக்க ஒரு மாதம்தான் இருந்தது.

கடையை விட்டு இறங்கும்போதே நீ, "அந்தாளு முடியாதுன்னாருல்ல? அப்ப முடியும்" என்றாய்.

விண்டோஸைவிட இலகுவாக ஓடும் லினக்ஸை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம், உள்ளிருந்தே ஏற்றலாம் என்று நீதான் தேடிக் கண்டுபிடித்தாய். வன்தட்டில் ஓரமாக எட்டு ஜிபிக்குச் சிறிய அறை ஒன்றை ஒதுக்கி, நிறுவும் கோப்புகளை அதில் போட்டுவிட வேண்டும். விண்டோஸ் தொடங்கும் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால், கணினி பென்டிரைவுக்குப் பதிலாக அந்தச் சிறிய அறையிலிருந்து நிறுவலைத் தொடங்கிவிடும். கேட்கச் சுலபம். இறக்க வேண்டியது இரண்டு ஜிபி. உன் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை, என் போனில் ஒன்று. உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். லேப்டாப்பைத் தொட்டி மேல் வைத்து, உன் போன் தீர்ந்ததும் என் போன். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்திருந்தாய். முடிவதற்குள் உன் மூக்கு வெயிலில் தோல் உரிந்துவிட்டது.

வன்தட்டில் D, E என்று இரண்டு பெரிய பகுதிகள். E-யில் இருந்ததையெல்லாம் காலி செய்து லினக்ஸுக்கு வைத்தோம். படங்கள் எல்லாம் D-யில். வெளியே நகலெடுத்து வைக்க வழியில்லை. போன் நிறைந்துதான் அவற்றை லேப்டாப்புக்கே மாற்றியிருந்தாய். அதனால் D-யை மட்டும் தொடக்கூடாது. இரண்டும் எத்தனை ஜிபி என்று நோட்டில் உன் கொட்டைக் கையெழுத்தில் எழுதினாய்: D 170, தொடாதே. E 182, இதில்தான். அதற்கும் மேல் பாதுகாப்பு வேண்டும் என்று D-க்கு 'அம்மா' என்று பெயர் வைத்தாய். "அம்மான்னு போட்டிருந்தா எவளாச்சும் அழிப்பாளாடி?"

ஞாயிறு காலை. பட்டியலில் நீ சேர்த்த வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்து, எழுத்துகள் ஓடி, புதிய திரை பளிச்சென்று திறந்தது. நீ சேரை விட்டு எழுந்து ஒரு சுற்று ஆடினாய். அம்மா அடுப்படியிலிருந்து என்னவோ கேட்டார், நீ என்னவோ சொன்னாய், இருவரும் சிரித்தீர்கள். எங்கே நிறுவ வேண்டும் என்று திரை கேட்டது. அங்கே D இல்லை, E இல்லை. 'அம்மா' என்ற பெயரும் இல்லை. sda என்று தொடங்கும் வரிசையும் நீளமான எண்களும் மட்டும்தான். நீ விரலை வைத்துக்கொண்டே வந்து, 182-இல் தொடங்கும் வரியில் நிறுத்தினாய்.

"இந்தா, 182. இதுதான் E."

அதற்கடுத்த வரியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது 195-இல் தொடங்கியது. நம் நோட்டில் 195 என்று ஒன்று எங்குமே இல்லை. நோட்டில் இருக்கும் 170 திரையில் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "என்ன, அமுக்கவா?"

கேட்டால் பேசலாம். நீ கேட்கவும் செய்தாய். ஆனால் அது உன் லேப்டாப், உன் வீடு, நீ ஒரு வாரம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த வழி. தப்பாகச் சொல்லிவிட்டால்? 195-இலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "ம்" என்றேன்.

காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நான்கை ஒரு படியாக வைத்து எண்ணுகிறது. அந்தத் திரை ஆயிரத்தை வைத்து எண்ணியது. அதனால் ஒரே இடம் அங்கே பெரிய எண்ணாகத் தெரியும். விண்டோஸின் 170தான் அங்கே 182. உண்மையான E-தான் 195. நாம் நோட்டில் இவ்வளவு கவனமாக எழுதியிருக்காவிட்டால் ஒருவேளை தப்பித்திருப்போம்.

எல்லாம் முடிந்து புதிய திரை வந்ததும் கோப்புகளைத் திறந்தாய். ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தாய். பிறகு, "ஏ, E சும்மா கெடக்கு. D எங்கடி?" என்றாய். நீ நோட்டைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய். கண் கலங்கியதைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு. எம்புட்டு எடம் கெடைச்சிருக்கு பாரு. படமா ஏத்தித் தள்ளிருவோம்" என்றாய். சொன்னபடி போனிலிருந்து வைஃபை வழியாகச் சினிமாவாக ஏற்றி நிரப்பினாய். அழிந்ததை மீட்கும் நிரல்கள் உண்டு என்று தெரியவந்தபோது, படங்கள் இருந்த இடத்தில் கதாநாயகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேடியதில் பதினொரு படங்கள் கிடைத்தன. எல்லாம் பாதிப் பாதி. மேலே உருவம், கீழே சாம்பல் நிறம்.

"அம்மாட்ட சொல்லிறாத, அழும்" என்றாய். வகுப்பில் கேட்டவர்களிடமெல்லாம், "நாந்தாண்டி கண்ண மூடிட்டு அமுக்கிட்டேன்" என்று சிரித்தாய். நான் பக்கத்தில் நின்றேன். புராஜெக்ட்டை அந்த லேப்டாப்பில்தான் முடித்தோம். அது அப்போதும் வேகமாக ஓடியது, இப்போதும் ஓடுகிறது. போன மழைக்காலத்தில் ஐந்தே நாள் காய்ச்சலில் நீ போகும்வரை எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். நீ ஏதாவது கேலி செய்வாய், அது நழுவிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். படங்கள் அழிந்ததை மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். உன் மேல் பழி நிற்கும், நீயும் மறுக்கப்போவதில்லை. அதை நினைத்ததும்தான் மீதியும் வந்தது. 195-ஐப் பார்த்தது, நீ கேட்டது, நான் "ம்" என்றது.

அம்மா சேலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. பாதியில் நின்ற முடிச்சை இறுக்கிவிட்டு, "நீ வேணாம்னு சொல்லியிருந்தா மட்டும் விட்டிருப்பாளாக்கும்? ஏம் பேச்சையே கேட்டதில்ல, ஒம் பேச்சக் கேக்கப் போறா" என்றார்.

"கேட்டிருப்பாம்மா" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. நீ சொன்னா கேட்டிருப்பா" என்றார். பிறகு, "அப்பிடிப் பாத்தா சாயத்தக் கொட்டுனது நாந்தானே. இதுல யாரப் போயி யாரு திட்டுறது?" என்றார்.

பதினொரு படங்களையும் காட்டினேன். ஒன்றில், பள்ளிச் சீருடையில் இரட்டைச் சடையோடு நீ. நெற்றி, பொட்டு, கண், மூக்கு வரைக்கும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வாய் மட்டும் இல்லாட்டி எம்புட்டு அமைதியா இருக்கா பாரு!"

இருவரும் சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பதினொன்றையும் அவர் போனுக்கு அனுப்பினேன். அந்த வாயில்லாத படத்தைத்தான் இப்போது வாட்ஸ்அப்பில் தன் முகப்புப் படமாக வைத்திருக்கிறார். சேலை கேட்டு வருகிறவர்கள் போன் சரியில்லை போலிருக்கிறது என்கிறார்களாம்.

என்னைப் பற்றியும் சொல்கிறேன். உங்கள் ஊரிலேயே ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் தவறு தேடுவதும், கண்டுபிடித்தால் கூட்டத்தில் எழுந்து சொல்வதும்தான் வேலையே. நானா என்று நீ சிரிப்பாய். முதல் மாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இப்போதும் எழுவதற்கு முன் ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறேன். அப்போதெல்லாம் 195 என்ற எண் கண் முன்னால் வரும். "ஒரு நிமிஷம், இது கணக்குல வரலையே" என்று சொல்லிவிடுகிறேன். சில நாள் நான் சொன்னது தவறாகவும் இருக்கும். ஒன்றும் ஆகிவிடுவதில்லை. "சரி, பாத்துட்டோம்ல" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். இவ்வளவுதானா என்று இருக்கிறது. அப்பா வயலிலிருந்து போன் செய்து, "இன்னைக்கு யாரத் தப்புன்னு சொன்ன?" என்று கேட்கிறார். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை. நான் நன்றாக இருக்கிறேன்.

கேட்க வேண்டியதைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். மன்னிப்பு கேட்கவில்லை. நீ ஒரு நொடியில் கொடுத்துவிடுவாய், அது எனக்குப் போதாது. அம்மா திட்டவில்லை. நீயும் விஷயம் தெரியாமலே போய்விட்டாய். எனக்குச் சேர வேண்டிய திட்டு ஒன்று யாரிடமும் இல்லாமல் நிற்கிறது. முடிந்தால் ஒருநாள் கனவிலாவது வந்து, உன் முழுக்குரலில், என்னைத் திட்டிவிட்டுப் போ. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. இந்தத் தடவை நான் பதில் பேசுவேன்.