அட்டையில் நீ எங்கே, கதிர்?

அன்பும் கோபமும் அளவு தெரியாமல் கலந்துபோன மனதோடு உனக்கு எழுதுகிறேன், கதிர்.

உன் ஆல்பம் போன வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டது. எட்டுப் பாட்டும் நீ வைத்த வரிசையில்தான். ‘சந்தை நாள்’ என்ற பெயரும் நீ வைத்ததுதான். அட்டைப்படம் ஒன்றைத்தான் முடிவு செய்யாமல் போய்விட்டாய்.

எத்தனை முறை கேட்டிருப்பேன்? கொழிஞ்சாம்பாறையில் ஃப்ளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைத்துப் பிழைக்கிற பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறேன். என்ன நிறம் வேண்டும், என்ன படம் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “அதப் பாத்துக்கலாமுங்க்கா, இப்ப என்ன அவசரம்?” என்பாய். கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் ஒரு லாரி உன் பைக்கை இடிக்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

நீ போய் ஆறு மாதம் கழித்து பைஜு கூப்பிட்டார். கொச்சியில் உன் பாட்டை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த சின்னக் கம்பெனிக்காரர். அட்டைப்படத்தை அவர்களே செய்துவிட்டார்களாம். வாட்ஸாப்பில் வந்தது.

ஊதா நிறத்தில் ஒரு நகரம். வானத்தைக் கீறும் நீல லேசர் கோடுகள். நடுவில் ஹெட்போன் மாட்டிய இயந்திரப் பெண். உன் பெயர் பளபளக்கும் வெள்ளி எழுத்தில், சாய்த்துச் சாய்த்து, எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். கண் அந்தப் பெண்ணிடம் போனால் லேசர் இழுக்கிறது. லேசரிடம் போனால் எழுத்து மின்னுகிறது. எதையும் நிம்மதியாகப் பார்க்கவிடாத படம். உன் முதல் பாட்டு எப்படித் தொடங்குகிறது? ஒரு நிமிடம் முழுக்க வேலந்தாவளம் மாட்டுச் சந்தையின் மணிச்சத்தம் மட்டும். அதற்கப்புறம்தானே தாளம் மெல்ல உள்ளே வருகிறது? அந்த ஊதா நகரத்தில் எந்த மாடு நடக்கும்?

“பைஜு, அந்தப் பொண்ணு யாருங்க?” என்று கேட்டேன்.

“அது வெறுதே, சேச்சி. டான்ஸ் மியூசிக்கினு இதாணு ட்ரெண்ட்.”

வெறுதே! சும்மாவாம். உன் இரண்டு வருஷ உழைப்பின் முகத்தில் சும்மா ஒரு பெண். நானே செய்து தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

பத்து நாள் உட்கார்ந்தேன். செம்மண் நிறத் தளம், குறுக்கே கறுப்புக் கோடுகள். உன் தாளத்தின் கணக்கில் நான்கு நான்காக அடுக்கினேன். ஐந்தாவது பாட்டில் நீ ஒரு அடியை வேண்டுமென்றே விட்டுவிடுவாயே, அந்த இடத்துக்காக ஒரு கோட்டை விட்டேன். உன் பெயரைச் சிறிதாக மூலையில் வைத்தேன். செல்போனில் நகத்தளவு சுருங்கினாலும் பளிச்சென்று தெரியும். பைஜுவே “கொள்ளாம்”, நன்றாயிருக்கிறது என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இனி உன் மனைவி சுதா சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எலப்புள்ளியில் உன் வீட்டுக்குப் போனேன். சுதா லேப்டாப் திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதுல அவரு எங்கீங்க்கா?”

“இந்தக் கோடெல்லாம் அவனோட தாளம், சுதா.”

“கோடு இருக்கட்டுங்க. அவரு எங்க?”

உள்ளே போய் ஒரு சுருளை எடுத்து வந்து தரையில் விரித்தாள். உன் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். “இதயே போட்டுருங்க்கா. இதுதான் நல்லாருக்குது.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அது நான் செய்தது, கதிர். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் காலையில், கடையில் எல்லாருக்கும் போடுகிற அச்சிலேயே செய்தது. இடப்பக்கம் மெழுகுவர்த்தி, வலப்பக்கம் புறா, நடுவில் மேகம், மேகத்தின் மேல் உன் கம்பெனி அடையாள அட்டைப் படம். அவசரத்தில் உன் காதில் கொஞ்சம் சேர்த்து வெட்டியிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே மோசமான வேலை அது.

பாடம் நடத்த ஆரம்பித்தேன். இந்த மேகம் கண்ணைக் கீழே தாழ்த்தச் சொல்கிறது, இந்த மெழுகுவர்த்தி வாயை மூடச் சொல்கிறது, பிறப்பு இறப்புத் தேதியைப் பார்த்தவன் கையெடுத்துக் கும்பிடுவான் என்றேன். “இது ஆடறதுக்கான பாட்டு, சுதா! நீயே கேட்டிருக்கியே!”

“நான் எங்கீங்க்கா கேட்டேன்?”

எனக்குப் புரியவில்லை.

“மத்தியானம் வந்தா காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துக்குவாரு. நான் சமையக்கட்டுல நின்னு அவரு தலையாட்டறதப் பாப்பேன். சத்தம் ஒண்ணும் வெளிய வராதுங்க. முழுசா முடியட்டும், அப்புறம் உனக்குப் போட்டுக் காட்டறேன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

இத்தனை மாதமாக எனக்கு உன் மேல் இருந்த கோபம் அட்டைப்படத்தைப் பற்றியதுதான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அது வேறாகிவிட்டது. நான் கேட்டிருக்கிறேன், பைஜு கேட்டிருக்கிறார், கொச்சியில் முகம் தெரியாத யாரோ கேட்டிருக்கிறார்கள். நாலடி தூரத்தில் நின்றவளுக்கு ஒரு பாட்டுகூட நீ கேட்கக் கொடுக்கவில்லையா? அந்த ஹெட்போன் ஒயரைப் பிடுங்க உனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்?

உன் ஸ்பீக்கரை லேப்டாப்பில் மாட்டி முதல் பாட்டைப் போட்டேன். சந்தை மணி ஒலித்தது. சுதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் சட்டென்று நிமிர்ந்தாள்.

“இந்த எடந்தானுங்க்கா! இங்கதான் கண்ண மூடிக்குவாரு!”

அதற்கப்புறம் அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். இங்கே தோளைத் தூக்குவார், இங்கே மேசையைத் தட்டுவார், இங்கே தலை ஒரு பக்கமாகச் சாயும். பாட்டைக் கேட்காமலே அதன் அடிகளெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன. ஐந்தாவது பாட்டில் நீ விட்டுவிடுகிற அந்த அடிக்கு முன்னால், “இப்ப சும்மா நிப்பாரு பாருங்க” என்றாள். தாளம் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, சிரித்தாள்.

அவள் போனில் ஒரு படம் இருந்தது. சமையலறை வாசலிலிருந்து உனக்குத் தெரியாமல் எடுத்தது. உன் பின்தலை, ஹெட்போன், ஆட்டத்தில் கலங்கிப்போன தோள். பாதிப் படத்தைக் கதவுச் சட்டம் மறைக்கிறது. கொடியில் உன் யூனிஃபார்ம் சட்டை தொங்குகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே வெளிறிக் கிடக்கிறது. என் கடைக்கு யாராவது இப்படி ஒரு படம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அதுதான் உன் அட்டைப்படம். ஒரு ஓரத்தையும் வெட்டவில்லை. பைஜு “முகம் காணுந்நில்லல்லோ, சேச்சி” என்று புலம்பினார். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை என்றேன். சுதா பெரிய மஞ்சள் எழுத்துத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். மஞ்சள் அந்த வெளிறிய படத்தில் கண்ணில் அடிக்கும் என்று ஒரு மணி நேரம் வாதாடினேன். மஞ்சள்தான் போட்டிருக்கிறது. அடிக்கத்தான் செய்கிறது.

உன் லேப்டாப்பில் இன்னும் பெயர் வைக்காத பாட்டுகள் பாதியில் கிடக்கின்றன. ஞாயிறு தோறும் நானும் சுதாவும் ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். பெயர் வைப்பது அவள். பைஜுவுக்கு அனுப்புவது நான். ஒன்றையும் வீணாக விடமாட்டோம். எந்தப் பாட்டானாலும் முதலில் சுதா கேட்பாள், அப்புறம்தான் ஊர் கேட்கும். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இன்னும் உன்னோடு சண்டை தீராத,
உன் பெரியம்மா மகள்,
மாலதியக்கா