ஜடையனின் முகம்

செப்டம்பர் 3, 2025. புதன்

இன்று மட்டும் பதினேழு தசரா பேனர்கள். பதினேழிலும் யானை, பதினேழிலும் அரண்மனை விளக்கு. ஒன்றைக்கூட நான் வரையவில்லை. மென்பொருளுக்கு இரண்டு வரி எழுதினேன், அது நாலு படம் காட்டியது, ஒன்றைத் தொட்டேன். முதலாளி நஞ்சுண்டசாமிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மண்டி மொஹல்லா பேட்டையிலேயே நம் கடைதான் வேகம் என்று பக்கத்துக் கடைக்காரரைப் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் ஹனூரிலிருந்து மனோஜ்குமார் என்று ஒருவர் வந்தார். அப்பா ஜடையன் போன மாதம் தவறிவிட்டாராம். வீட்டில் மாட்டப் படம் வேண்டும். கொண்டுவந்தது அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படம். கன்னத்தில் பாதியை முத்திரை தின்றிருந்தது. யாராவது போனைத் தூக்கினாலே அப்பா எழுந்து போய்விடுவாராம், அதனால் வேறு படமே கிடையாது. தெளிவாக்கும் பொத்தானை அழுத்தினேன். பத்து நொடி. அப்புறம் நாலாம் நம்பர் சட்டை. எங்கள் கணினியில் இறந்தவர்களுக்கென்றே ஆறு வெள்ளைச் சட்டைகள் இருக்கின்றன, தலையை மட்டும் மாற்றுவோம். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் மேலோகத்தில் ஒரே சட்டையோடுதான் திரிவார்கள்.

மனோஜ்குமாருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது.

செப்டம்பர் 4

பேனர் பதினாலு. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 9. செவ்வாய்

ஜடையனின் மனைவி ராமக்காள் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூன்று மணி நேரம் பஸ்ஸில், செய்தித்தாளில் சுற்றிய அந்தப் படத்தை மடியில் வைத்தபடி வந்திருக்கிறார். என் மேசைமேல் அதைக் கவிழ்த்து வைத்தார்.

“இது என்ற வீட்டுக்காரரு இல்லீங்க அம்மிணி.”

எது தப்பு, மூக்கா, கண்ணா என்று கேட்டேன்.  படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்த ஆளு என்னைய ஒருக்காகூடப் பாத்ததில்லீங்க” என்றார்.

மகனுக்குப் பிடித்துவிட்டது, ஊரே பார்த்துவிட்டது, இனி என்ன என்று முதலாளி கன்னடத்தில் முணுமுணுத்தார். இருபத்தொன்றாம் தேதி மகாளய அமாவாசை. அதற்குள் சரிசெய்து தருகிறேன் என்று நான் வாயை விட்டுவிட்டேன். முடியாவிட்டால் படம் வேண்டாம், வெறும் சொம்பை வைத்துப் படையல் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அட்டைப் படத்தையும் நான் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பதினோரு வருஷமாகப் படம் பார்த்துத்தான் சோறு தின்கிறேன். தெரியவில்லை.

செப்டம்பர் 10

மறுபடி பொத்தான். நாலு ஜடையன்கள். மறுபடி நாலு. சாயங்காலத்துக்குள் அறுபத்துநாலு ஜடையன்கள். ஒருவர் அமைச்சர் மாதிரி, ஒருவர் பல் டாக்டர் மாதிரி. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எதை வைத்து ஒன்றை எடுப்பேன்?

செப்டம்பர் 12. வெள்ளி

பென்சிலும் காகிதமும் வாங்கினேன். கடைசியாக எப்போது வாங்கினேன் என்று நினைவில்லை. கோடு தப்பாக விழுந்ததும் இடது கை தானாக மேசையில், கணினியில் தப்பை அழிக்கும் கன்ட்ரோல் இசட்டைத் தட்டியது. காகிதத்தில் கோடு அப்படியே இருந்தது. சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை.

முன்பெல்லாம் காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே படம் மனசுக்குள் வந்து நிற்கும். இன்று கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. யாரோ நாலு படம் காட்டப்போகிறார்கள் என்று மனசு காத்துக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 14. ஞாயிறு

ஜடையனை நான் பார்த்ததில்லை, அதனால்தான் வரவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். சரி, கிரணை வரைவோம். எட்டு வருஷமாகக் கூடவே இருக்கும் புருஷன். அவர் காய்கறி வாங்கப் போயிருந்தபோது நினைவிலிருந்து வரைந்து முடித்தேன். வந்து பார்த்துவிட்டு, “யாரு ப்ரியா இது, சீரியல் ஹீரோவா?” என்றார்.

அவருடைய இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது. நான் போடவில்லை. என் படத்தில் தழும்பே இல்லாத முகம். அந்தப் பொத்தான் எப்படிச் செய்யுமோ அப்படியே நானும் செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 15

எனக்கு என்ன ஆச்சு? — யாருகிட்டப் போய்ச் சொல்றது, கண்ணு நல்லாத் தெரியுது, பாக்கத்தான் முடியலைன்னு?

செப்டம்பர் 16. செவ்வாய்

ராமக்காளுக்குப் போன் செய்தேன். மூக்கு எப்படி, உதடு எப்படி என்றால் அவருக்குப் பதில் வரவில்லை. ஜடையன் என்னென்ன செய்வார் என்று கேட்டேன். அதற்கு நிறைய வந்தது. சட்டை போடமாட்டார், தோளில் துண்டுதான். கோபம் வந்தால் மாட்டிடம் போய்ப் பேசுவார். “தண்ணி வேணும்னா வாயத் தொறக்கமாட்டாருங்க. தாடையத் தூக்குவாரு, அவ்வளவுதான். முப்பது வருசம் அந்தத் தாடைக்குத்தான் தண்ணி மோந்து குடுத்தேன்.”

தாடையைத் தூக்கி வரைந்தேன். கிழித்தேன். வரைந்தேன்.

செப்டம்பர் 18

சனிக்கிழமை லீவு கேட்டேன். திங்கட்கிழமை தசரா தொடங்குகிறது, இந்த நேரத்தில் லீவு போடுகிறவர் அப்புறம் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கையில் இருக்கும் படமும் சரியில்லை. இதற்காகவா வேலையை விடுவது? இருந்தால் மட்டும் என்ன, நாளைக்கும் பதினேழு யானை. முதலில் இது முடியுமா என்று தெரியவேண்டும். முடியாதென்றால் அதையாவது ராமக்காள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 20. சனி

ஹனூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

ராமக்காள் படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். “அவருக்கு ஒரு தம்பி இருந்திருந்தா இப்படி இருப்பாருங்க” என்றார். என் ஆறுதலுக்காகச் சொன்னது. அவ்வளவுதான், எனக்கு வராது என்று முடிவு செய்து பையை எடுக்கக் குனிந்தேன்.

அப்போது மனோஜ்குமார் காட்டு வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்து லேசாகத் தாடையைத் தூக்கினார்.  ராமக்காள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

நான் பார்த்தேன். தாடை தூக்கும்போது கீழுதடு முன்னால் வருகிறது. கழுத்து நரம்பு இடப்பக்கம் மட்டும் எழுகிறது. கண் சுருங்கி, எதிரில் இருப்பவரிடமே நிற்கிறது. நான் தாடையை மட்டும் தூக்கிவிட்டுக் கண்ணைக் கூரைக்கு அனுப்பியிருந்தேன். யாரும் சொல்லாமல் எனக்கே அது தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழித்தேன், போட்டேன், மறுபடி அழித்தேன். இடது கை காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறெதையும் தேடவில்லை.

திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கிறதா தெரியாது.

படத்தை மறுபடி நீட்டினேன். ராமக்காள் பார்த்தார். நழுவியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“தண்ணி கேக்கறாரு” என்றார்.