ஹார்லோவிலிருந்து கிளம்பும் வீடு

ஹார்லோ, கான்சாஸ்
9 நவம்பர் 1887

அன்புத் தம்பி ஆர்விலுக்கு,

நாங்கள் நலம். நீ பக்கத்து ஊரில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்காதது மட்டும்தான் குறை. மூன்று வருஷத்துக்கு முன் மண்ணைத் தோண்டிய குழிவீட்டில் பாம்புகளோடு படுத்திருந்தோம்; இன்று அத்தானின் ஹோட்டலுக்கு மாடியே வந்துவிட்டது. பாங்க், நாவிதர், தகர டப்பாவில் அடைத்த மீன் விற்கிறவன் எல்லாம் உண்டு.

ஓட்டெடுப்பில் ஜில்லாக் கோர்ட் எங்களுக்கே வந்ததில் உங்கள் பிராஸ்பெக்ட் ஊர்க்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். குதிரைகளின் பெயரில் நாங்கள் ஓட்டுப் போட்டோமாம்! நீங்கள் கல்லறையில் இருப்பவர்களை எழுப்பிப் போடவில்லையா? போகட்டும். "மாமா எப்பம்மா வருவாரு?" என்று மேபல் நச்சரிக்கிறாள். பதினேழு வயதாகிறது, இன்னும் உன் செல்லம்தான்.

உன் அக்கா,
லவீனியா

பிராஸ்பெக்ட்
1 டிசம்பர்

அக்கா,

சனிக்கிழமை காலை எங்கள் ஆட்கள் கோர்ட்டுப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியைத் தூக்க வருகிறார்கள். பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோர்ட். ரயிலும் அங்கேதான் வரும். துப்பாக்கியோடு வருகிறோம், நானும் உண்டு. அத்தானை நிலவறையைவிட்டு வெளியே விடாதே. யாரிடமும் மூச்சு விடாதே.

ஆர்வில்

பிராஸ்பெக்ட்
20 மார்ச் 1888

அக்கா,

நான்கு கடிதம் போட்டும் பதில் இல்லை. ஏன் அத்தானிடம் சொன்னாய்? கோர்ட்டைச் சுற்றிக் கூரைக்குக் கூரை ஆள் காத்திருந்தான். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட லைனஸுக்குத் தாடை போய்விட்டது. வாயில்லாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தான். ஹோட்டல் மாடி ஜன்னலில் புகை தெரிந்தது, சுட்டேன். அத்தான் தெருவில் வந்து விழுந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாக அக்கா.

பெட்டி எங்களிடம் வந்துவிட்டது. உங்கள் ஊரே வீடு வீடாக மர உருளைகளில் ஏறி, எருதுகள் இழுக்க, இங்கே வந்துகொண்டிருக்கிறது. நேற்று பாங்க் வந்தது. என் வீட்டுக்குப் பக்கத்து மனையை உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். வந்துவிடு.

ஆர்வில்

ஹார்லோ
2 மே 1888

ஆர்விலுக்கு,

சொன்னேன்தான். உயிர் பிழைக்கட்டுமே என்று சொன்னேன். "ஊர்க்காரன் சாவான், நான் உருளைக்கிழங்கு மூட்டைக்குள்ள பதுங்கிக்கவா? நல்லா இருக்குடி உன் ரோசம்!" என்று சொல்லிவிட்டுப் போய் எல்லாரையும் கூட்டிவிட்டார்.

நீ வயிற்றில் சுட்டாய். சாயங்காலம்வரை உயிர் போகவில்லை. வாயில் கொடுத்த மரக்கரண்டியைக் கடித்தே முறித்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை.

இங்கே இப்போது நாங்களும் நாலு பன்றிகளும்தான். ஹோட்டலை இரண்டாக அறுத்து இழுத்துப் போய்விட்டார்கள். மாவு வாங்கக்கூடக் கடை இல்லை. உன் மனைக்கே வருகிறோம். வேறு போக்கிடம் இல்லை. வீட்டை உருளையில் ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பகலில் வந்து சேருவோம்.

எருதுகளை மேபல்தான் ஓட்டுகிறாள். அத்தானின் துப்பாக்கி அவள் தோளில் இருக்கிறது; குளிப்பதற்குக்கூட இறக்குவதில்லை. சுட்டது யார் என்று தினமும் கேட்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தாய்மாமன் நீ. தெருவுக்கு வந்து நின்று, உன் வாயாலேயே சொல். அவள் என்ன செய்தாலும் நான் கையைப் பிடிக்கமாட்டேன்.

லவீனியா