இரண்டு விரல் உயரம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. உங்கப்பாவின் சிறுநீரகம் இரண்டையும் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருக்கிற துரையோ துரைசானியோ, அதுவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு அப்பாவும் வருவாரா என்று போனில் கேட்டாயே, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். டாக்டரிடம் கேட்டோம். அங்கேயும் டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்துவிடலாம், ரத்தப் பரிசோதனையும் பரவாயில்லை, ஆனால் மகள் வீட்டு மாடிப்படியை ரத்தப் பரிசோதனையா ஏறப்போகிறது, உடம்பில் தெம்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றுவிட்டார். பார்ப்பதற்கு ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். மாடி ஏற முடியுதா, கடைப்பை தூக்க முடியுதா, குனிந்து செருப்பு மாட்ட முடியுதா என்று அவள் கேட்கக் கேட்க உங்கப்பா எல்லாவற்றுக்கும் தாராளமா, தாராளமா என்றார். கடைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கூரையைப் பார்த்தேன். கெட்டிக்காரப் பெண், அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேச்சு போதும் ஐயா, செஞ்சே காட்டுங்க என்றாள். ஊசி ஏற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டுமாம், டயாலிசிஸ் முடிந்தபின் பார்ப்பது பிழிந்துபோட்ட துணியை எழுந்து நில் என்பது போலவாம். கைப்பிடி பலம் பார்க்கும் கருவிக்கு உங்கப்பா வீராப்பாக ஊசி ஏறுகிற கையையே நீட்டினார், அதை விடுங்க, அந்தக் கையைக் கொடுங்க என்று மாற்றினாள். அமுக்கினார், தேறியது. நடைக்கூடத்தில் மந்திரி பார்வையிட வந்தது போல் நடந்தார், அதுவும் தேறியது. கடைசியில் நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். ஒரு தடவை எழுந்தார். மறு தடவை பாதி எழுந்து, யோசித்து, உட்கார்ந்துவிட்டார்.

ஆயுசு முழுக்க நாற்காலி செய்து விற்றவர், தோற்றது தன் தொடை என்று எப்படி ஒத்துக்கொள்வார்? நாற்காலி குட்டை என்றார். இரண்டு விரல் குட்டை, இதைச் செஞ்சவனுக்கு மனுஷனுக்கு முழங்கால் எங்கே இருக்குன்னே தெரியலை என்றார். எல்லாருக்கும் இதே உயரம்தான் ஐயா என்றாள் அவள். அடுத்த டயாலிசிஸ் அன்று, அவர் கையால் செய்த தேக்கு நாற்காலி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதில் உட்கார்ந்து ஐந்து தடவையும் எழுந்து, எங்கே அந்தக் கையெழுத்து என்பது போல் ஒரு பார்வை பார்த்தார். அவள் கைதட்டினாள். பிறகு நாற்காலியை லேசாகத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம், வீட்டுப் படியிலேர்ந்து இதை யார் இறக்கினது ஐயா என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதே பதிலாகப் போயிற்று.

அன்றிலிருந்து அவள் சொல்லிக்கொடுத்தபடி டயாலிசிஸ் கட்டிலில் படுத்தவாறே காலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். பக்கத்துக் கட்டிலில் பழைய பஸ் டிரைவர் ஒருவர், அண்ணே இந்த பஸ் எங்கே போகுது என்று சீண்டினாராம். மக வீட்டுக்கு, வழியிலே எங்கேயும் நிக்காது என்றாராம் இவர்.

நேற்று நான் கடைக்குப் போய்த் திரும்பினால் கூடமெல்லாம் மரத்தூள். தேக்கு நாற்காலி நாலு காலிலும் இரண்டு விரல் குறைந்து நிற்கிறது. அதில் ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் யாரோடும் பேசாத மனுஷர், உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி உயரத்துக்கு அறுத்துட்டேன், வீட்டிலேயே பழகணும் இல்லையா என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து காட்டினார். கடைசித் தடவை முழங்கால் நடுங்கியது, நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். அசந்துபோய் நானும் அதில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தாராளமா என்றார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பரிசோதனை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், உனக்கு இப்போது யாரிடமும் வீராப்பு காட்ட வேண்டியதில்லை. குறையில்லாமல் பெற்றெடுத்து, மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். மறக்காமல் உன் வீட்டு நாற்காலியின் உயரத்தை அளந்து எழுது, அப்பா கேட்கச் சொன்னார். குட்டையாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

இப்படிக்கு,
நாற்காலி தூக்கிய அம்மா