முப்பது, கூடக்குறைய

ஜனவரி 22, 2025
அந்த வேளாண்மை அதிகாரி எங்கள் ஊரை ஏமாற்றிவிட்டார். தை மழையில் கதிரோடு சாய்ந்து அழுகிய சம்பாவுக்கு அவர் எழுதிய பாதிப்பு முப்பது சதவீதம். முப்பத்து மூன்று இருந்தால்தான் நிவாரணம். அது வராவிட்டால் குறுவைக்கு அப்பாவிடம் விதை இல்லை. குத்தகை நிலம் வேறு கைக்குப் போகும்.

ஜனவரி 23
மூன்று வருடம் புள்ளியியல் படித்தது இதற்காவது உதவட்டும். நட்ட தூர் ஒன்றை ஒரு குத்தாக வைத்து அவர் எண்ணியது நாற்பது நெல் குத்து. அழுகியது பன்னிரண்டு. 0.3-ஐ 0.7-ஆல் பெருக்கி, நாற்பதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்கினால், கூடக்குறைய பதினான்கு சதவீதம். அதாவது, பதினாறிலிருந்து நாற்பத்து நான்கு வரை எதுவாகவும் இருக்கலாம். தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை இடைவெளி என்பது இதுதான். முப்பத்து மூன்று அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! நாற்பது குத்தை வைத்து ‘இல்லை’ என்று எப்படிச் சொன்னார்?

ஜனவரி 24
எங்கே நின்று எண்ணினார் என்று அப்பாவிடம் கேட்டேன். ரோட்டோர மேட்டு வயலாம். அழைத்துப் போனதே அப்பாதான்.

“ஷூவோட வந்தாரு பாப்பா. சேத்துலயா எறக்குறது? வந்த மனுஷனுக்கு நல்ல வயலத்தான் காட்டணும்.” இளநீர் வேறு வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

கத்திவிட்டேன். “அழுவுனதப் பாக்கத்தாம்ப்பா அவரு வந்ததே!”

“அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?”

அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். மேட்டிலேயே நானூறு எண்ணியிருந்தாலும், தப்பான விடைதான் இன்னும் குறுகலான இடைவெளியோடு வந்திருக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்ல?

ஜனவரி 30
வகுப்புத் தோழி இர்ஃபானா வந்தாள். ஊரின் வயல்களுக்கெல்லாம் எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு, நானூறு குத்து எண்ணினோம். மேடு பள்ளம் பார்க்கவில்லை. முட்டியளவு சேறு. “உங்க ஊரு அட்டைக்கு என்னைய ரொம்பப் புடிச்சிருச்சுடி,” என்றாள்.

அழுகியது நூற்று ஐம்பத்தாறு. முப்பத்தொன்பது சதவீதம். இடைவெளி, முப்பத்து நான்கிலிருந்து நாற்பத்து நான்கு. கீழ்முனையே முப்பத்து மூன்றைத் தாண்டிவிட்டது. அப்பா சிரித்தார்.

பிப்ரவரி 6
வேளாண்மை அலுவலகத்தில் அதிகாரி எங்கள் கணக்குத் தாளைப் புரட்டினார். “தொண்ணூத்தஞ்சு சதவீத நம்பிக்கைன்னு போட்டிருக்க. மிச்ச அஞ்சு நீயே நம்பல, இல்ல?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்படி அர்த்தமில்லை, இதே முறையில் நூறு தடவை எண்ணினால் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து தடவை உண்மையான பாதிப்பு இடைவெளிக்குள் சிக்கும் என்றேன்.

“நீ ஒரு தடவதான எண்ணுன? அறிக்கை போயிடுச்சும்மா. போய்ப் படி.”

பிப்ரவரி 15
அப்பா டீக்கடைக்குப் போவதில்லை. அவரால்தான் கெட்டது என்று ஊரில் பேச்சு.

ஏப்ரல் 21
நிலத்துக்காரர் வந்தார். “வேற ஆளு பாத்துட்டேன் இருதயசாமி.”

“சரிங்க.” அவருக்கு மோர் கொண்டுவரச் சொன்னார் அப்பா. நான் எழவில்லை.

ஜூன் 19
குறுவை நடவு. நாங்கள் உழுத வயலில் வேறு ஆட்கள். அப்பா திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனி வாசலில் காவல். காலையில் போன் செய்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

குறைதீர் கூட்டத்தில் இன்று மைக்கைப் பிடித்தேன். “முப்பதுன்னு எழுதுனீங்களே சார், எத்தன குத்து, எந்த வயலு, கூடக்குறைய எவ்வளவு? அதையும் எழுதி எங்க ஊருல ஒட்டுங்க.”

“அடுத்தவங்க பேசலாம்,” என்றார்கள் மேடையில்.