நான் சொன்ன முடிவு

5-6-1988, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எங்கள் கள்ளிக்குப்பம் கிளை நூலகத்துக்கு மறுபடி உயிர் வந்தது. பெரியவர்கள் பேப்பருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் பெஞ்சை ஓரம் தள்ளிப் பாய் விரித்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கதையை எவன் தடுப்பான், பார்க்கிறேன்.

இன்று ‘கல்மூடி வீடு’. அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. இப்படிப்பட்டதைக் கழித்துக் கட்டச் சொல்கிறது மாவட்ட நூலக ஆபீஸ். எனக்கு மனசு வராது. கிழிந்த முடிவை நானே கட்டிச் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கு முழுக்கதை கிடைத்தால் போதாதா?

கல்லால் மூடிய கிணற்றுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் மரகதம் என்ற சிறுமிக்கு மட்டும் கேட்கிறது. புத்தகம் அதோடு நிற்கிறது. மரகதம் பயப்படாமல் கல்லை நகர்த்தி, “மேலே வா” என்று கூப்பிட்டாள், ஈரப் பச்சைப் பாவாடையோடு ஒரு பெண் ஏறி வந்தாள், இருவரும் தோழிகளானார்கள் என்று முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். வடிவு மட்டும் தட்டவில்லை.

8-6-88

வடிவு வந்தாள். ஐந்தாம் வகுப்பு. எதைக் கொடுத்தாலும் மறுநாளே படித்துவிட்டு நிற்பவள். நூலகம் பார்க்கும் நானும் இந்த ஊருக்கு டீச்சர்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எங்க ஊட்டுக் கெணத்துலயும் தட்டுது டீச்சர்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கதை இவ்வளவு ஆழமாக இறங்கினால் வேறென்ன வேண்டும்! இன்னும் இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்பினேன்.

15-6-88

வடிவின் அம்மா பொன்னம்மாள் வந்தார். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற குடும்பம். கொல்லையில் பழைய ஏற்றக் கிணறு மட்டும் மிச்சம், மேலே கருங்கல் பலகை. மத்தியானம் அந்தக் கல்லுக்கு அடியில் கடப்பாரையைச் செருகி, வடிவு தன் உடம்பு முழுக்க அதில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தாளாம்.

“தோழி வரப் போறா, வுடும்மான்னு அழுவுறா. என் பொண்ணு உள்ள வுழுந்துட்டா நீ வந்து எடுத்துக் குடுப்பியா?” என்று கேட்டார். என் வாயால் வந்த வினை.

16-6-88

அவர்கள் வீட்டுக்குப் போனேன். கல் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. வடிவின் அப்பா லோகநாதன் தன் கம்பெனியிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து நகர்த்தினால்தான் உண்டு, அவ்வளவு கனம். இந்தக் குச்சிக் கை எப்படி நகர்த்தியது? உள்ளேயிருந்து யாராவது தள்ளினால்தான் –

சீ. குனிந்து காதை வைத்தேன்.

தட்டுது. எனக்கும் கேக்குது.

19-6-88, ஞாயிறு

முடிவை மாற்றிச் சொன்னேன். மரகதம் கல்லைத் தொடவே இல்லை, வேறு ஊருக்குக் குடிபோனாள், சத்தம் நின்றுவிட்டது என்றேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. வடிவு கடைசிவரை உட்கார்ந்திருந்து, எல்லோரும் போனபின் கிட்டே வந்தாள்.

“நீங்க மொதல்ல சொன்னதத்தான் அது கேட்டுகினு கீது டீச்சர். இப்ப மாத்துனா ஒத்துக்காது.”

என் மேல் பரிதாபப்பட்ட மாதிரி சொன்னாள்.

23-6-88

ஆவடி நூலகத்தில் ‘கல்மூடி வீடு’ முழுசாக ஒரு பிரதி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பர்மிஷன் போட்டு ஓடினேன். உண்மையான முடிவு வேறாக இருக்கும், அச்சில் காட்டினால் அவள் நம்புவாள். அச்சிலிருப்பதை நம்பும் பிள்ளை அவள்.

பஸ்ஸில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். “மேலே வா.” ஈரப் பச்சைப் பாவாடை. தோழிகள். நான் சொன்ன அதே சொற்கள். சத்தியமாக இந்தப் பக்கங்களை நான் பார்த்ததே கிடையாது. யாரிடமும் கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகும் ஒரு பக்கம் இருக்கிறது. நான் சொல்லாத பக்கம். ஏறி வந்தவள் மரகதத்திடம் சொல்கிறாள்: “நான் உனக்காக வரவில்லை. என் கதையைச் சொன்னவளைத் தேடி வந்தேன்.” மரகதம் தூங்கப் போகிறாள். கதை முடிகிறது.

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

25-6-88

பிள்ளைக்குப் படித்துக் காட்டப் பயமான கடைசிப் பக்கம் ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று, பேப்பர் படிக்க வந்த துலுக்கானத்திடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்தார். “புக்குதானே டீச்சர், கடைசிப் பக்கத்தப் பசை போட்டு ஒட்டிட்டா ஆச்சு.”

ஒட்டிவிடலாம்தான். ஒட்டினால் அது வடிவிடமே நிற்கும், படித்தால் என்னிடம் வரும். பசை டப்பாவைத் திறந்தும் வைத்தேன். வடிவு இன்று காலையும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாளாம். சோறு இறங்கவில்லையாம்.

பயமா இருக்கு. யார்கிட்ட சொல்ல?

26-6-88, ஞாயிறு

படித்துவிட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும், ஒரு சொல் விடாமல், வடிவை எதிரில் உட்காரவைத்து.

அவள் முகம் விழுந்துவிட்டது. “அப்ப அது என்னாண்ட வரலியா?” என்றாள். இல்லை என்றேன். புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் தானே விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் அலமாரியில் யானைக் கதை தேடினாள்.

2-7-88

பொன்னம்மாள் வழியில் பார்த்துச் சிரித்தார். வடிவு நன்றாகத் தூங்குகிறாளாம். கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்களாம்.

10-7-88, ஞாயிறு

நல்ல கூட்டம். பாய் போதவில்லை. வடிவு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்து வந்திருந்தாள், இதைப் படி, அதைப் படி என்று என்னைவிடப் பெரிய டீச்சராகிவிட்டாள்.

கதை பாதியில் இருக்கும்போது தட்டியது. சிமென்ட் தரைக்குள்ளிருந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே.

வடிவு முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. அது தெரிந்ததும் மூச்சு வந்தது.

“இன்னா டீச்சர், நிறுத்திட்டீங்க?” என்றாள்.

பக்கம் ஒட்டிக்கொண்டது என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மீதிக் கதையைக் கொஞ்சம் உரக்கப் படித்தேன்.